பக்கக் கணக்கை விட்டு நூலின் பகுப்புக் கணக்கு: மாத வாசிப்புப் பதிவேடு ஒன்றை அமைத்த விதம்

மாதந்தோறும் இவ்வளவு வாசிக்க வேண்டும் என்று திட்டமிடுவோர் பெரும்பாலும் புத்தகங்களின் எண்ணிக்கையையே இலக்காக வைக்கிறார்கள். மாதத்துக்கு நான்கு நூல், ஆண்டுக்கு ஐம்பது நூல் என்பது நினைவில் எளிதாக நிற்கும்; ஆனால் எந்த நூலைக் கையில் எடுப்பது என்ற முடிவையே அது மெல்ல மாற்றிவிடும். எண்ணிக்கைக் கணக்கில் நூறு பக்கக் குறுநாவலும் அறுநூறு பக்க வரலாற்று நூலும் ஒன்றுக்கு ஒன்று சமம் என்பதால், தடித்த நூல்களும் உரையோடு நிதானமாக வாசிக்க வேண்டிய பழைய நூல்களும் அடுத்த மாதத்துக்கு, பிறகு அதற்கும் அடுத்த மாதத்துக்கு என்று தள்ளிப் போய்க்கொண்டே இருக்கும். சங்க நூல்களை உரையுடன் முழுமையாக வாசிக்க வேண்டும் என்பது என்னுடைய நெடுநாள் விருப்பம். அதற்கு இடம் தரும் வகையில் ஒரு மாதப் பதிவேட்டை நோட்டிலும் பின்னர் கூகுள் ஷீட்ஸிலும் அமைத்தேன். அது எப்படி உருவானது, எங்கெங்கே திருத்தம் தேவைப்பட்டது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் தீர்க்க வேண்டியிருந்தது அளவை பற்றிய கேள்வி. புத்தக எண்ணிக்கையை விட்டால் அடுத்தபடியாக மனத்தில் தோன்றுவது பக்கக் கணக்கு. ஆனால் தமிழ் நூல்களில் பக்கம் என்பது நிலையான அளவாக இருப்பதில்லை. டெம்மி அளவில் வந்த பதிப்புக்கும் கிரவுன் அளவில் வந்த பதிப்புக்கும் ஒரு பக்கத்தில் அடங்கும் சொற்கள் வேறுபடும். எழுத்தின் பருமனும் வரி இடைவெளியும் பதிப்பகத்துக்குப் பதிப்பகம் மாறும். சட்டைப்பையில் அடங்கும் திருக்குறள் மூலப் பதிப்பின் ஒரு பக்கத்தையும் பரிமேலழகர் உரையோடு வந்த பதிப்பின் ஒரு பக்கத்தையும் ஒரே அலகாக எண்ணுவதில் பொருளே இல்லை. கிண்டிலில் பக்க எண்ணுக்குப் பதிலாக விழுக்காடுதான் பல நூல்களுக்குக் கிடைக்கிறது. 1998ஆம் ஆண்டு தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்பதிப்புகளைச் செல்பேசியில் திறந்தால் உருட்டிக்கொண்டே போகும் பாடம் இருக்குமே தவிர, அச்சு நூலோடு ஒப்பிடத்தக்க பக்கம் இராது. வீட்டில் அச்சு நூல், பேருந்தில் செல்பேசி, நூலகத்தில் வேறொரு பதிப்பு என்று மாறி மாறி வாசிப்பவருக்குப் பக்கக் கணக்கு இரண்டாவது நாளே குழம்பிவிடும்.

எல்லாப் பதிப்புகளிலும் மாறாமல் இருப்பது நூலின் சொந்தப் பகுப்புதான். கரும்பைக் கணுவில் வெட்டுவதைப் போல, நூலாசிரியரோ தொகுத்தவரோ பிரித்து வைத்த இடத்திலேயே அன்றன்றைய வாசிப்பையும் நிறுத்துவது என்று முடிவு செய்தேன். திருக்குறளுக்கு 133 அதிகாரங்கள். நாளுக்கு ஓர் அதிகாரம் என்று ஜனவரி முதல் நாள் தொடங்கினால், நெட்டாண்டு அல்லாத ஓர் ஆண்டில் மே 13 அன்று நூல் முடியும். சிலப்பதிகாரத்தில் புகார்க் காண்டத்துக்கு 10, மதுரைக் காண்டத்துக்கு 13, வஞ்சிக் காண்டத்துக்கு 7 என முப்பது பகுதிகள் இருப்பதால் அது ஒரு மாதத்துக்கு அளந்து செய்தது போலவே தோன்றும். இந்திரவிழவு பற்றிய காதை போன்று நீண்டவை இரண்டு அமர்வு கேட்கும் என்பதை மட்டும் முன்கூட்டியே சேர்த்துக்கொள்ள வேண்டும். ஐங்குறுநூறு இன்னும் வசதியானது: மருதம், நெய்தல், குறிஞ்சி, பாலை, முல்லை என்ற வரிசையில் திணைக்கு நூறு பாடல்கள், ஒவ்வொரு நூறும் பத்துப் பத்தாகப் பிரிந்தவை. அமர்வுக்கு ஒரு பத்து என்றால் ஒரு திணைக்குப் பத்து அமர்வுகள், முழு நூலுக்கு ஐம்பது அமர்வுகள்.

தொடர்கதையாக வெளிவந்த நாவல்களுக்கும் இதே முறை பொருந்தும். கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை வெளிவந்த பொன்னியின் செல்வன் ஐந்து பாகங்களில் 293 அத்தியாயங்கள் கொண்டது. வாரந்தோறும் காத்திருந்து வாசித்தவர்களுக்காக எழுதப்பட்ட கதை ஆதலால், ஒவ்வொரு அத்தியாயமும் ஓர் அமர்வுக்குள் தாராளமாக அடங்கும்படி அமைந்திருக்கிறது. எந்தப் பதிப்பில் வாசித்தாலும் இரண்டாம் பாகத்தின் இருபதாம் அத்தியாயம் அதே அத்தியாயம்தான் என்பதால், பதிவேட்டில் பாக எண்ணையும் அத்தியாய எண்ணையும் எழுதிவிட்டால் போதும்.

அளவை முடிவானதும் அடுத்த வேலை நேரத்தைக் கண்டறிவது. ஒவ்வொரு வகை நூலுக்கும் ஒரு பகுப்புக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதைக் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். இந்த அளவெடுப்பின்போது வேகமாக வாசிக்க முயலக் கூடாது. வழக்கமான நடையில், சாய்வு நாற்காலியோ பேருந்து இருக்கையோ, எங்கே வாசிக்கும் பழக்கமோ அங்கேயே வாசிக்க வேண்டும். எனக்குப் பொன்னியின் செல்வனின் ஓர் அத்தியாயத்துக்கு ஏறத்தாழ 18 நிமிடம் வந்தது. அகநானூற்றின் ஒரு பாடலுக்கோ 30 நிமிடம். பாடலை ஒருமுறை வாய்விட்டுப் படித்து, சீர் பிரிப்பிலிருந்து சொல் பிரிப்புக்கு மாற்றி, உரையோடு ஒப்பிட்டு, மீண்டும் ஒருமுறை பாடலை மட்டும் படிக்க அவ்வளவு ஆகிறது. இரண்டையும் ஒரே ‘பக்கம்’ என்ற கணக்கில் போட்டிருந்தால் அகநானூறு எப்போதும் தோற்றுக்கொண்டே இருக்கும்.

பிறகு மாதத்தின் கொள்ளளவைக் கணக்கிட்டேன். நான்கு ஞாயிறுகள் வரும் முப்பது நாள் மாதத்தை எடுத்துக்கொண்டால், மற்ற 26 நாள்களில் நாளுக்கு 40 நிமிடம், ஞாயிறுகளில் 90 நிமிடம் என்ற கணக்கில் 1,040ம் 360ம் சேர்ந்து 1,400 நிமிடங்கள் கிடைக்கும். இது தாளில் உள்ள நேரம். உறவினர் வருகை, அலுவலக வேலை நீளும் நாள்கள், தலைவலி, மின்தடை ஆகியவற்றை எல்லாம் கழித்தால் ஏறத்தாழ முக்கால் பங்குதான் கைக்கு வருகிறது என்பதை நோட்டில் சேர்ந்த பதிவுகளே காட்டின. எனவே திட்டத்துக்குரிய நேரத்தை 1,050 நிமிடமாக வைத்துக்கொண்டேன். திட்டம் போடுவோர் அனைவரும் இந்தக் கழிவைச் செய்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முழுக் கொள்ளளவுக்கும் திட்டம் போட்டால் இரண்டாவது வாரத்திலேயே பின்தங்கிவிடுவோம். பின்தங்கிய மனநிலையில் வாசிக்கும்போது வரிகள் கண்ணில் ஓடுமே தவிர உள்ளே இறங்காது.

அகநானூற்றை எப்படிப் பிரிப்பது என்பதுதான் இந்த வேலையில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்த பகுதி. நானூறு பாடல்களையும் வரிசையாக வாசிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தொகுத்தவர்கள் பாடல் எண்ணுக்குள்ளேயே திணையை வைத்துவிட்டார்கள். ஒற்றைப்படை எண் பெற்றவை அனைத்தும் பாலை. 2, 8 என முடியும் எண்கள் குறிஞ்சி. 4 என முடிபவை முல்லை, 6 என முடிபவை மருதம், 10, 20, 30 எனப் பத்துப் பத்தாக வருபவை நெய்தல். ஆக, பாலைக்கு 200, குறிஞ்சிக்கு 80, மற்ற மூன்றுக்கும் தலைக்கு 40. இதைத் தவிர, முதல் 120 பாடல்கள் களிற்றியானை நிரை, 121 முதல் 300 வரை மணிமிடை பவளம், எஞ்சிய நூறு நித்திலக் கோவை என்ற மூன்று பகுதிகளும் உண்டு. நூற்றாண்டுகளுக்கு முன் தொகுத்தவர்கள் செய்து வைத்த இந்த வகைப்பாட்டை அப்படியே வாசிப்புத் திட்டமாக எடுத்துக்கொள்ளலாம். நாள்தோறும் ஒரு பாடலாக வரிசையில் வாசித்தால் நூல் முடியப் பதின்மூன்று மாதத்துக்கும் மேல் ஆகும். பாதிக்குப் பாதி பாலையாக இருப்பதால் பிரிவும் சுரமும் மாறி மாறி வந்து, மற்ற திணைகளின் உலகம் மனத்தில் நிலைகொள்ளாது. திணை வாரியாக வாசித்தால் கடற்கரையிலேயே ஒரு மாதமோ இரண்டு மாதமோ தங்க முடியும்.

நான் நெய்தலில் தொடங்கினேன். 40 பாடல்களுக்குத் தலைக்கு 30 நிமிடம் என்றால் 1,200 நிமிடம். திட்ட நேரமான 1,050க்குள் அடங்காது. ஆகவே இரண்டு மாதமாகப் பகிர்ந்து, முதல் மாதத்தில் 10 முதல் 200 வரையிலான இருபது பாடல்கள், அடுத்த மாதத்தில் 210 முதல் 400 வரையிலான இருபது பாடல்கள் என்று வைத்தேன். இதற்கு மாதத்துக்கு 600 நிமிடம் போக, மீதி 450 நிமிடம் பொன்னியின் செல்வனை மறுபடி வாசிப்பதற்கு. 18 நிமிடக் கணக்கில் மாதத்துக்கு 25 அத்தியாயங்கள் வரும். 57 அத்தியாயங்கள் கொண்ட முதல் பாகம் மூன்றாவது மாதத் தொடக்கத்தில் முடியும். முழு நாவலுக்கு ஓராண்டு ஆகும் என்பது முதலில் நீண்ட காலமாகத் தோன்றலாம். ஆனால் கதை இதழில் வந்தபோது வாசகர்கள் ஆண்டுக்கணக்கில் அதனோடு வாழ்ந்தார்கள். கடினமான நூலுக்குத் துணையாக வைத்துக்கொள்ள இவ்வளவு பொருத்தமான நாவல் வேறு எனக்குத் தெரியாது. உரைநூல் வாசித்துக் களைத்த நாளில் ஓர் அத்தியாயம் படித்தால் மனம் மீண்டும் இளகிவிடும்.

பதிவேட்டுக்கு நீளவாக்கில் உள்ள கோடு போட்ட கணக்கு நோட்டு ஒன்றைப் பயன்படுத்துகிறேன். விரித்தால் தெரியும் இரண்டு பக்கங்களும் சேர்ந்து ஒரு மாதம். இடப்பக்கத்தில் திட்டம் இருக்கும்: நூல், பகுப்பு எண்கள், ஒரு பகுப்புக்கான நிமிடம், மொத்த நிமிடம், நூலக நூலாக இருந்தால் திருப்பித் தர வேண்டிய தேதி. வலப்பக்கத்தில் நடந்தது இருக்கும்: தேதி, நூலின் சுருக்கக் குறி, தொடங்கிய எண், முடித்த எண், நிமிடம், நிறுத்திய காரணம், ஒரு வரிக் குறிப்பு. திட்டத்தைப் பேனாவாலும் திருத்தங்களைப் பென்சிலாலும் எழுதுகிறேன். மாதக் கடைசியில் பக்கத்தைப் பார்க்கும்போது எது முதலில் நினைத்தது, எது பிறகு மாறியது என்பது தெரிய வேண்டும்.

ஒரு வரிக் குறிப்பை நூலுக்கு ஏற்றபடி வகுப்பது நல்லது. நாவலுக்கு, அந்த அத்தியாயத்தில் கதையில் என்ன மாறியது என்பது போதும். அகப்பாடலுக்கு யார் யாரிடம் கூறியது, எந்தச் சூழலில் கூறியது, பாடலில் வரும் ஊர் அல்லது துறைமுகம் எது என்ற மூன்றையும் எழுதுகிறேன். பத்தாம் பாடலில் அம்மூவனார் தலைவியின் நலத்துக்கு உவமையாகக் காட்டும் தொண்டி, அந்தக் குறிப்பில் முதல் ஊராக ஏறியது. இருபது பாடல் முடிந்த பின் குறிப்புகளை மட்டும் மேலிருந்து கீழாகப் படித்தால், தனித்தனியாக வாசித்தபோது புலப்படாத தொடர்புகள் தெரிகின்றன: ஒரே புலவரின் பாடல்கள் எங்கெங்கே வருகின்றன, மாலைப்பொழுதைப் பற்றிய வரிகள் எவ்வாறு ஒன்றையொன்று நினைவூட்டுகின்றன என்பன போன்றவை. வாசித்த அளவைக் காட்டுவதற்காகத் தொடங்கிய பதிவேடு வாசித்ததை நினைவில் வைக்கும் கருவியாகவும் ஆனது இந்தப் பத்தியால்தான்.

நிறுத்திய காரணம் என்ற பத்தியை முதலில் ஓர் ஆர்வத்துக்காகவே சேர்த்தேன். இப்போது அதைத்தான் முதலில் பார்க்கிறேன். முடிந்தது, தூக்கம், அழைப்பு, சலிப்பு, ஐயம் என ஐந்து காரணங்களை மட்டும் வைத்துக்கொண்டு முதலெழுத்தை எழுதுகிறேன். ‘அ’ என்பது அழைப்பு, ‘ஐ’ என்பது ஐயம். இரவு உணவுக்குப் பின் வாசித்த அகநானூற்று அமர்வுகளில் ‘தூ’ வரிசையாக வந்ததைக் கண்டதும் பாடலைக் காலைக்கும் நாவலை இரவுக்கும் மாற்றினேன். மொத்த நேரம் கூடவில்லை. ஆனால் அரைகுறையாக நின்ற பாடல்கள் வெகுவாகக் குறைந்தன. சலிப்பு என்ற குறி ஒரே நூலுக்குத் தொடர்ந்து வந்தால் அந்த நூலை அடுத்த மாதத் திட்டத்தில் சேர்ப்பதில்லை. ஒரு நூலைப் பாதியில் விடுவது குற்றம் போன்ற உணர்வு பலருக்கு உண்டு; பதிவேட்டில் விட்ட இடத்தின் எண் இருக்கும்போது அது முற்றிலும் விட்டதாக ஆகாது, எப்போது வேண்டுமானாலும் அதே இடத்திலிருந்து தொடரலாம்.

ஐயம் என்ற குறிக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் தனிப் பட்டியல் உண்டு. பொருள் விளங்காத சொல்லையும் பாடல் எண்ணையும் அங்கே எழுதிவிட்டு வாசிப்பைத் தொடர்வேன். அமர்வின் நடுவே அகராதியைத் தேடிச் செல்பேசியைக் கையில் எடுத்தால் அது வேறு எங்கோ கொண்டுபோய்விடும். வாரக் கடைசியில் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனைத் திறந்து, பட்டியலில் உள்ள சொற்களை ஒன்றாகப் பார்க்கிறேன். இந்த வேலைக்கும் நேரம் பிடிக்கும் என்பதால் ஞாயிற்றுக்கிழமை நேரத்திலிருந்து ஒரு பங்கை இதற்கெனவே ஒதுக்கியிருக்கிறேன்.

நோட்டில் இருப்பதை மாதம் ஒருமுறை கூகுள் ஷீட்ஸில் ஏற்றுவது, எஞ்சியிருக்கும் அமர்வுகளைத் தானாகக் கணக்கிடுவதற்காக. ஒரு தாளில் நூல்களும் அவற்றின் மொத்தப் பகுப்புகளும். இன்னொரு தாளில் அன்றாடப் பதிவுகள். நூலின் குறியை வைத்துச் சம்இஃப் (SUMIF) வாய்பாட்டால் முடிந்த பகுப்புகளைக் கூட்டி, மொத்தத்திலிருந்து கழித்தால் மீதி தெரியும். இதில் மூன்று இடங்களில் கவனம் தேவைப்பட்டது. 3-5 என்று ஒரே கட்டத்தில் எழுதினால் மென்பொருள் அதைத் தேதியாக மாற்றிவிடும். அதனால் தொடக்க எண்ணுக்கும் முடிவு எண்ணுக்கும் தனித்தனிப் பத்திகள் வேண்டும். முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்தால் ஒன்று குறையும், ஆகவே ஒன்றைக் கூட்ட வேண்டும். ஏழாம் அத்தியாயம் முதல் ஒன்பதாம் அத்தியாயம் வரை என்பது மூன்று அத்தியாயங்கள். இவை எளியவை.

மூன்றாவது கொஞ்சம் சிந்திக்க வைத்தது. அகநானூற்று நெய்தலில் 10 முதல் 30 வரை என்று எழுதினால் வாய்பாடு 21 பாடல்கள் என்று காட்டும், உண்மையில் மூன்று. இதற்காகத் ‘தாவல்’ என்று ஒரு பத்தியைச் சேர்த்து, வேறுபாட்டைத் தாவலால் வகுத்து ஒன்றைக் கூட்டும்படி வாய்பாட்டை மாற்றினேன். நெய்தலுக்கும் முல்லைக்கும் மருதத்துக்கும் தாவல் 10, பாலைக்கு 2, நாவலுக்கு 1. குறிஞ்சிதான் சிக்கல், ஏனெனில் 2, 8, 12, 18 என்று ஆறும் நான்குமாக மாறித் தாவுகிறது. தாவலை 5 என்று வைத்து விடையை முழு எண்ணாக்கினால் எந்த இடத்தில் தொடங்கி எந்த இடத்தில் நிறுத்தினாலும் சரியாக வருகிறது: 2 முதல் 8 வரை 2.2 என்பது 2 ஆகவும், 8 முதல் 12 வரை 1.8 என்பது 2 ஆகவும் மாறும், 2 முதல் 12 வரை நேராகவே 3 வரும். ஐங்குறுநூற்றுக்கு இன்னொரு திருத்தம் வேண்டும். 129, 130 ஆகிய இரு பாடல்களும் கிடைக்கவில்லை என்பதால் மொத்தத்தை 498 என்று வைத்து, நெய்தலின் அந்தப் பத்துக்கு எட்டுப் பாடல்களையே எண்ண வேண்டும்.

நூலகத்தில் இரவல் எடுத்த நூல் திட்டத்தில் எப்போதும் முதல் வரிசையில் நிற்கும். சொந்த நூல் காத்திருக்கும், தவணைத் தேதி காத்திருக்காது. எடுக்கும்போதே பகுப்புகளை எண்ணி, தவணைக்குள் எத்தனை அமர்வு கிடைக்கும் என்று பார்த்துவிடுகிறேன். போதாது என்று தெரிந்தால் அதே நேரத்தில் இரண்டு நூலாக எடுப்பதில்லை. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் வாங்குபவை அனைத்தும் ‘காத்திருப்பு’ என்ற தனிப் பட்டியலுக்குப் போகும். அங்கிருந்து மாதத் திட்டத்துக்கு ஒரு நேரத்தில் ஒரு நூல்தான் வரலாம்.

எல்லா மாதத்துக்கும் ஒரே கொள்ளளவு கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். திருமணங்களும் புதுமனை புகுவிழாக்களும் நிறைந்த தை, வைகாசி, ஆவணி மாதங்களில் ஞாயிறுகள் கையில் இருப்பதில்லை; அந்த மாதங்களுக்குத் திட்ட நேரத்தைத் தாள் நேரத்தில் பாதியாக வைக்கிறேன். சுப நிகழ்ச்சிகள் குறைந்த ஆடியும் மார்கழியும் தாராளமானவை. மார்கழிக்கு நம் மரபே ஒரு மாத வாசிப்புத் திட்டத்தை வைத்திருக்கிறது: நாளுக்கு ஒரு பாசுரமாகத் திருப்பாவையின் முப்பதையும் ஓதும் வழக்கம் அது. கோயிலில் கேட்பதோடு நிற்காமல், அன்றைய பாசுரத்தை உரையோடு காலையில் வாசித்தால் பதினைந்து நிமிடம் போதும். அந்த மாதத்தில் அகநானூற்றுக்குரிய காலை நேரத்தில் ஒரு பகுதியை அதற்குக் கொடுத்துவிடுகிறேன்.

இந்த முறைக்கு எளிதில் அடங்காதவை சிறுகதைத் தொகுப்புகளும் கட்டுரைத் தொகுப்புகளும். ஒரே தொகுப்பில் நான்கு பக்கக் கதையும் நாற்பது பக்கக் கதையும் இருக்கும். பதிப்புக்குப் பதிப்பு கதைகளின் வரிசையும் மாறும். எனவே இவற்றுக்கு எண்ணை விட்டுத் தலைப்பையே பதிவில் எழுதுகிறேன். பொருளடக்கத்தைப் பார்த்து நீண்ட கதைகளை இரண்டு அமர்வு, மற்றவற்றை ஓர் அமர்வு என்று முன்கூட்டியே குறித்துவிட்டால் மாதக் கணக்கு ஓரளவு சரியாகவே வருகிறது. ஒரே அமர்வில் இரண்டு சிறுகதைகளை வாசிப்பதில்லை என்பதை மட்டும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறேன். நேரம் மிஞ்சினால் அதே கதையின் தொடக்கத்தை மறுபடி படிக்கிறேன், மிஞ்சிய நிமிடங்களை அந்தக் கதையின் கணக்கிலேயே சேர்த்து எழுதுகிறேன். நெய்தல் முடிந்த பின் முல்லையின் நாற்பது பாடல்களுக்கும் இதே இரண்டு மாதக் கணக்கை வைத்திருக்கிறேன். எண்களின் தாவல் மாறாததால் ஷீட்ஸில் தொடக்க எண்ணை 4 என்று மாற்றுவதைத் தவிர வேறு வேலை எதுவும் இல்லை.